கடிபட்ட இலையிலிருந்து தொடங்குவோம்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே கிளம்பி வருவதற்கு முன்னால், காலையில் எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போய், கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் ஒரு கூட்டுப்புழுவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பத்து நாளாக அது அங்கேயே இருக்கிறது. வால்நுனியைத் தண்டில் ஒட்டி, உடம்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு, மரமேறுகிறவர் கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல நிற்கிறது. நேற்று வரை பச்சை. இன்று காலை பார்த்தால் கறுத்திருக்கிறது. அது ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

தோட்டத்தில் பட்டாம்பூச்சி, பறவை, மற்ற உயிர்களைப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கமாக இந்தப் பேச்சைப் பூவில் தொடங்குவார்கள். எந்தப் பூ வைத்தால் எந்தப் பட்டாம்பூச்சி வரும் என்று. நான் ஓட்டை விழுந்த இலையில் தொடங்கப் போகிறேன். ஒரு தோட்டத்துக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் தேடுவது அதைத்தான். ஓரம் கடிபட்டிருக்கிறதா, நடுவில் துளை இருக்கிறதா, யாராவது இங்கே சாப்பிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். ஒரு கடிகூட இல்லாமல் எல்லா இலையும் பளபளவென்று இருந்தால் எனக்கு மனசு கனத்துவிடும். அங்கே பறவைக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

செடியில் புழு விழுந்தால் மருந்து அடிப்பவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் இருப்பீர்கள்? சொல்லத் தயங்க வேண்டாம். நானும் அடித்தவன்தான். பல வருஷங்களுக்கு முன்னால், புதிதாக வைத்த எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் நகர்ந்தது. புழு என்று தெரிந்ததும் தெளிப்பானை எடுத்துவிட்டேன். இரண்டு நாளில் செடி சுத்தமாகிவிட்டது. அதற்கு மூன்றடி தள்ளி, ஒரு தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. அதுவரை நிமிஷத்துக்கொரு முறை வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வந்துபோன பறவைகளின் வரவு குறைந்தது. ஒரு வாரத்தில் கூட்டில் சத்தமே இல்லை. மருந்தால்தான் அப்படி ஆனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பூனை வந்திருக்கலாம், காக்கை வந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் அந்தச் செடியிலிருந்து எடுத்துப்போக ஒரு புழுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நான் தெளிப்பானைத் தொடவில்லை. அந்தப் புழு யார் என்று தேட ஆரம்பித்தேன்.

அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். தாய்ப் பட்டாம்பூச்சி செடியைச் சுற்றிப் பதற்றமாகப் பறக்கும். பூவில் தேன் குடிக்கும்போது இருக்கும் நிதானம் அதற்கு அப்போது இருக்காது. ஒரு இலையில் இறங்கி முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். அதன் காலில் ருசி அறியும் உறுப்புகள் இருக்கின்றன. தன் பிள்ளை தின்னக்கூடிய இலைதானா என்று காலால் ருசி பார்த்துவிட்டு, வயிற்றை வளைத்துத் தளிரில் ஒரே ஒரு முட்டை வைக்கும். உடனே அடுத்த தளிருக்குப் போய்விடும். கடுகைவிடச் சின்னது, வெளிர்மஞ்சள் நிறம். ஒருமுறை அந்தக் காலடித் தட்டலைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், அப்புறம் எங்கே பார்த்தாலும் அது முட்டையிட வந்த தாய் என்று தெரிந்துவிடும்.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். வெளியே வரும் குட்டிப் புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டை. பிறகு இலை. கறுப்பும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் தீற்றலோடு, ஈரப் பளபளப்போடு, அச்சு அசலாகப் பறவை எச்சம். புழு தோலுரித்துத் தோலுரித்து வளரும், ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருப்பது ஒரு பருவம். நான்கு பருவம் வரை அதே வேஷம். ஐந்தாவது பருவத்துக்குத் தோலுரித்ததும் பச்சையாகிவிடும். அதற்கும் காரணம் இருக்கிறது. உடம்பு பெருத்துவிட்டால் எச்சம் என்று நம்பவைக்க முடியாது. அத்தனை பெரிய எச்சம் போடும் பறவை அங்கே இல்லை. அதனால் இலையோடு இலையாக மாறிக்கொள்கிறது. அப்படியும் ஏதாவது தொட்டுவிட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குபோலப் பிளவுபட்ட செந்நிறக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடை. எறும்பும் சின்னப் பூச்சிகளும் அதில் விலகிப்போகும். ஒரு புல்நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், ஒரே ஒரு முறை. தினம் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கதை இருக்கிறது. கறிவேப்பிலை அழகியில் ஆணுக்கு ஒரே தோற்றம்தான். கறுப்பு இறகு, பின்னிறகில் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள். பெண்ணுக்கு மூன்று தோற்றம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இரண்டாவது, ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போல இருக்கும். மூன்றாவது, சிவப்புடல் அழகி என்ற இன்னொன்றைப் போல இருக்கும். இந்த இரண்டும் ஆடுதீண்டாப்பாளை வகைச் செடிகளைத் தின்று வளர்பவை. ஆடே தீண்டாது என்று செடியின் பெயரிலேயே இருக்கிறது. அந்தச் செடியின் நஞ்சைப் புழுவிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. இப்படி ஒன்று இன்னொன்றைப் போலப் பாவனை செய்து பிழைப்பதை அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளை வைத்து 1862-இல் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இங்கிலாந்து இயற்கையியலாளர். மூன்று வெவ்வேறு தோற்றமும் ஒரே இனத்துப் பெண்கள்தான் என்று 1865-இல் எழுதியவர் அவருடைய நாட்டவரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அவர்கள் கடல் தாண்டிப் போய்த் தேடியதன் ஒரு துண்டு நம் கொல்லையில் பறந்துகொண்டிருக்கிறது. வேறுபாடு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உடம்பில் சிவப்பு இருக்கும். பாவனை செய்பவளுக்கு இறகெல்லாம் பொருந்தினாலும் உடம்பு கறுப்பு.

புழு எப்படிப் பட்டாம்பூச்சி ஆகிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு காலத்தில் படித்தவர்களே புழு பூச்சியெல்லாம் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாகத் தோன்றுகிறது என்று நம்பினார்கள். அந்தக் காலத்தில், 1660-இல், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் 13 வயதுப் பெண் ஒருத்தி பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தாள். மரியா சிபில்லா மேரியன். அப்புறம் கையில் கிடைத்த புழுவையெல்லாம் கொண்டுவந்து, அது தின்னும் இலையைத் தேடிக் கொடுத்து வளர்த்தாள். முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி நான்கையும் அந்தச் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தாள். அந்தச் செடியை விட்டுவிட்டுப் பூச்சியைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் 52-ஆம் வயதில், 1699-இல், மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினாள், அங்குள்ள புழுக்களைப் பார்க்க. எனக்கு அவளை நினைக்கும்போதெல்லாம் ஒரு நிறைவு வரும். வீட்டில் ஒரு பெட்டியில் புழுவை வைத்துத் தினம் இலை மாற்றும் எந்தக் குழந்தையும் அவள் செய்ததைத்தான் செய்கிறது.

இப்போது ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் கண்ணும் கருத்துமாகக் காத்த முதல் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வரவில்லை. கூட்டின் பக்கத்தில் ஊசி குத்தியது மாதிரி ஒரு துளை. அதிலிருந்து எறும்பைவிடச் சின்னக் குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எண்ணினேன், நாற்பதைத் தாண்டியது. தாய்க் குளவி கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்திருக்கின்றன. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று அப்படி இல்லை. ஒரு தாய்ப் பட்டாம்பூச்சி நூறு முட்டை வைத்து நூறும் பட்டாம்பூச்சி ஆனால், அடுத்த தலைமுறைக்குக் கொல்லையில் ஒரு இலை மிஞ்சாது. மருந்து அடிக்காமல் இருந்தால் செடியே அழிந்துவிடாதா என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் குளவிகள்தான் பதில். பொறிவண்டு, சிலந்தி, கும்பிடுபூச்சி, ஓணான், குருவி எல்லாமும் பதில். மருந்து முதலில் கொல்வது பெரும்பாலும் இவற்றை. அப்புறம் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினி திரும்பி வரும்போது தடுக்க ஆளிருக்காது.

இந்தக் குளவிகளை விடாமல் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜெனிஃபர் ஓவன், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் சாதாரணப் புறநகர் வீடு ஒன்றில் குடியிருந்த விலங்கியலாளர். 1972 முதல் 2001 வரை 30 வருஷம் தன் வீட்டுத் தோட்டத்தில் வந்த உயிர்களையெல்லாம் பதிவு செய்தார். அதில் நோய் முற்றி, சக்கர நாற்காலியில் இருந்த வருஷங்களும் உண்டு. தோட்டத்தின் மொத்தப் பரப்பு 741 சதுர மீட்டர். அவர் கண்ட இனங்கள் 2,673. அதில் பூச்சிகள் மட்டும் 1,997. புல்தரை, பூச்செடி, காய்கறி என்று எல்லாரும் வைத்திருக்கும் தோட்டம்தான் அது. அங்கே பிடிபட்ட ஒட்டுண்ணிக் குளவிகளில் அறிவியலுக்கே புதியவையும் இருந்தன. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில்.

சரி, பறவைக்கு வருவோம். புழுவையும் பறவையையும் தனித்தனியாகப் பேச முடியாது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த விஷயம்.

வட அமெரிக்காவில் சிக்கடீ என்று ஒரு குருவி. எடை பத்து கிராம் அளவுதான். ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துக் கூட்டைவிட்டுப் பறக்கவைக்க அதற்கு 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை வேண்டும். டெலவேர் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் டாலமி இந்தக் கணக்கைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவரும் டெசிரே நரங்கோவும் மற்றவர்களும் வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் இந்தக் குருவிகளைத் தொடர்ந்து பார்த்து 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தோட்டத்துச் செடிகொடிகளில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் அந்த மண்ணுக்குரியவையாக இருந்தால்தான் அங்கே குருவிகளின் எண்ணிக்கை தாக்குப்பிடிக்கிறது. அயல்நாட்டு அலங்காரச் செடிகளில் பசுமை இருக்கும், பூ இருக்கும், புழு இருக்காது. பெரும்பாலான பூச்சிகள் பரம்பரை பரம்பரையாகப் பழகிய சில செடிகளை மட்டுமே தின்னும். மற்றது அவற்றுக்குப் பிளாஸ்டிக் மாதிரி.

பறவைக்குத் தானியம் போடுகிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். பெரியவைக்குப் போதலாம். குஞ்சுக்குப் போதாது. தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடக் குஞ்சுக்குப் புழுதான் கொண்டுபோகும். நாள் முழுக்கத் தேன் குடிக்கும் தேன்சிட்டு தன் குஞ்சுக்குச் சிலந்தியும் சின்னப் பூச்சியும் பிடித்துக் கொடுக்கும். புறா இனம் விதிவிலக்கு. அது தன் தொண்டைப் பையிலேயே பால் மாதிரி ஒன்றைச் சுரந்து ஊட்டும்.

தேன்சிட்டின் கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த குப்பை ஒன்று சிலந்தி நூலில் சிக்கி ஊசலாடுவது மாதிரி இருக்கும். பலமுறை நானே தட்டிவிடப் போயிருக்கிறேன். சருகு, பட்டைத் துணுக்கு, நார் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் கட்டியிருக்கும். வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம் இறக்கியிருக்கும். அதனால் ஒட்டடை அடிக்கும்போது வெளிப்புறத்தைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். தையல்சிட்டும் அந்த நூலைத்தான் தேடும். பெண் குருவி இலையோரத்தில் அலகால் துளை போட்டு, நாரையும் பஞ்சையும் சிலந்தி நூலையும் உள்ளே இழுத்து வெளியே விரித்துவிடும். விரிந்த நுனி திரும்ப வராது. முடிச்சே இல்லாத தையல். அதற்குள் குஞ்சு. அந்தக் குஞ்சுக்குக் கறிவேப்பிலைப் புழு. நான் பாசத்தோடு பார்த்துவந்த புழுவை என் கண்ணெதிரே தையல்சிட்டு கவ்விக்கொண்டு போனது உண்டு. முதல் தடவை வருத்தமாக இருந்தது. இப்போது அந்தக் குருவி எந்தத் திசையில் போகிறது என்று பார்க்கிறேன், கூடு அங்கேதான் இருக்கும்.

எப்படிப் பார்ப்பது? இதற்குப் பெரிய பயிற்சி வேண்டியதில்லை. ஒரே இடம், ஒரே நேரம், அசையாத உடம்பு. நீங்கள் போய் உட்கார்ந்ததும் எல்லாம் ஒதுங்கும். பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுத்தால் ஒவ்வொன்றாகத் திரும்பும். முதலில் அணில் இறங்கும். அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிக்கொண்டு வரும். ஓணான் தலையை ஆட்டும். நீங்களும் அங்கே ஒரு மரம் மாதிரி ஆகிவிடுவீர்கள். பலர் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒன்றும் வருவதில்லை என்கிறார்கள். பறவைக்குக் காலை நேரம் நல்லது. பட்டாம்பூச்சிக்கு அவசரமில்லை. அதன் சிறகுத் தசை சூடேறினால்தான் பறக்க முடியும். வெயில் ஏறும் நேரத்தில் இறகை விரித்து இலைமேல் குளிர்காய்ந்துகொண்டிருக்கும். அப்போது பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் இருந்தால் போதும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வேன். ஒருநாள் எழுதிக்கொண்டிருந்தேன். அணில் விடாமல் ஒரே சுதியில் கத்த ஆரம்பித்தது. தவிட்டுக்குருவிகள் கீச்சிட்டன. கொண்டைக்குருவி கிளை மாறி மாறிக் குரல் கொடுத்தது. சட்டென்று தேன்சிட்டுகூட அமைதியாகிவிட்டது. வெளியே போய், எல்லாம் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பார்த்தேன். மாமரத்தின் அடர்த்தியான கிளையில் ஒரு வல்லூறு, தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. தனியாகத் தேடியிருந்தால் எனக்கு அது கிடைத்தே இருக்காது. இனம் வேறானாலும் ஆபத்துக் குரலை ஒன்றுக்கொன்று புரிந்துகொள்கின்றன. நாமும் அந்தப் பாஷையில் சில சொற்களைக் கற்றுக்கொண்டால் பாம்பும் பூனையும் வருவதுகூட முன்கூட்டியே தெரியும். குரலோடு இன்னொரு செய்தி. மரத்தில் உட்கார்ந்து கூ, கூ என்று சுதி ஏற்றிக்கொண்டே போவது ஆண் குயில், கறுப்பு. பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. கிக் கிக் கிக் என்று அவசரமாகக் கத்தும், அவ்வளவுதான்.

ஒரு பறவையை ஒரு முழு நாள் பார்த்திருக்கிறீர்களா? மார்கரெட் மோர்ஸ் நைஸ் பார்த்தார். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு, பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, 1928 முதல் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பாட்டுக்குருவிகளின் காலில் நிற வளையம் மாட்டி ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாக அடையாளம் கண்டார். பறவை என்றால் கூட்டம் என்று நினைத்த காலத்தில், இது இன்ன குருவி, இதன் ஜோடி இது, போன வருஷம் இது எங்கே இருந்தது என்று எழுதினார். அதில் ஓர் ஆண் குருவி ஒரே நாளில் 2,305 தடவை பாடியதை விடியலிலிருந்து மாலை வரை உட்கார்ந்து எண்ணினார். அவரிடம் பெரிய பதவி எதுவும் இல்லை.

நம் பறவையியலாளர் சலீம் அலியும் அப்படிப் பதவி இல்லாத ஒரு காலத்தில்தான் தூக்கணாங்குருவியைப் படித்தார். வேலை போய்விட்டது. பம்பாய்க்கு எதிரே கடலோரக் கிராமமான கீஹிமில் தங்கியிருந்தார். வீட்டருகே மரத்தில் குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. 1930-இன் மழைமாதங்களில் அவற்றைத் தினம் பார்த்தார். ஆண்தான் கூட்டைப் பின்னுகிறது, பாதி கட்டியதும் பெண் வந்து சோதித்துப் பார்க்கிறது, பிடித்தால் குடியேறுகிறது, உடனே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது என்பதெல்லாம் அங்கே தெளிந்தது. எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டே கடந்துபோன கூடுகள் அவை.

இனி, தோட்டத்தில் என்ன செய்யலாம் என்பது. எல்லாருடைய மண்ணும் ஒன்றல்ல, அதனால் பட்டியல் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. எப்படி யோசிப்பது என்று மட்டும் சொல்கிறேன். தேன் கொடுக்கும் செடி பட்டாம்பூச்சியை வரவழைக்கும். புழு தின்னும் செடிதான் அதைக் குடியிருக்க வைக்கும். நாம் களை என்று பிடுங்கிப் போடுவதில் பல இந்த இரண்டாவது வகை. புளியாரையில் குட்டி நீலப் பட்டாம்பூச்சி ஒன்று வளர்கிறது. விரல் நகத்தளவுதான் இருக்கும், குனிந்தால்தான் தெரியும். எருக்கில் வெந்தய வரியன். ஆமணக்கிலும் கொன்றையிலும் வேறு வேறு வகைகள். அதனால் தோட்டத்தில் ஒரு மூலையை நான் கை வைக்காமல் விட்டிருக்கிறேன். சருகு அங்கேயே கிடக்கும். அதில் தேரை இருக்கிறது, அரணை இருக்கிறது. பெண் ஓணான் அங்கே மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடி, முகத்தாலேயே தட்டி மட்டமாக்கிவிட்டுப் போனதை ஒருமுறை கடைசி வரை பார்த்தேன். பாம்பு வராதா என்ற கவலை நியாயமானது. அந்த மூலை வாசலிலிருந்து தள்ளி இருக்கட்டும், நடக்கும் பாதை வெட்டவெளியாக இருக்கட்டும், விறகும் செங்கல்லும் சுவரோரம் குவிக்க வேண்டாம், ராத்திரி விளக்கில்லாமல் அங்கே கால் வைக்க வேண்டாம்.

ரோஜா இலையில் ஓரம் ஓரமாகக் காசு வெட்டி எடுத்தது மாதிரி வட்டங்கள் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை, சுருட்டிக்கொண்டு போய் ஏதாவது குழாய்க்குள் குஞ்சுக்கு அறை கட்டும். செடிக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீர் வைப்பவர்கள் ஆழமில்லாத தட்டில் வையுங்கள். இரண்டு விரல் உயரம் போதும், அடி சொரசொரப்பாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றிவிட்டால் கொசு பெருகாது, பறவைக்கு நோயும் பரவாது. தட்டிலிருந்து சிந்தும் ஈரமண்ணில் பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்து உறிஞ்சும். அநேகமாக எல்லாம் ஆண். மண்ணிலிருந்து உப்பை எடுக்கின்றன. பெரிய கண்ணாடி ஜன்னலில் வானம் தெரிந்தால் பறவை மோதும், வெளிப்பக்கம் நெருக்கமாகக் கோடோ புள்ளியோ போடுங்கள். ராத்திரியில் தோட்ட விளக்கை அணையுங்கள், அந்துப்பூச்சி பிழைக்கும். வீட்டுப் பூனை வீட்டுக்குள் இருக்கட்டும். பைனாகுலர் வாங்குவதானால் எட்டு மடங்கு போதும், இரண்டு மீட்டர் கிட்டத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், பட்டாம்பூச்சிக்கும் உதவும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். தேதி, நேரம், வெயிலா மழையா, என்ன பார்த்தேன், என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் வரையுங்கள். இரண்டாம் வருஷம் புரட்டும்போதுதான் அதன் அருமை தெரியும். மழைக்குப் பின்னால் கொல்லைக்கு மேலே, எங்கும் உட்காராமல் மிதந்துகொண்டே இருக்கும் மஞ்சள் தட்டான்கள் என் நோட்டில் வருஷாவருஷம் ஏறக்குறைய அதே வாரங்களில் இருக்கின்றன. மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், அங்கே வருஷந்தோறும் அக்டோபரில் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் தட்டான்களைப் பல வருஷம் குறித்து வைத்தார். அவை இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். அவரும் முதலில் செய்தது தேதி எழுதியதுதான். பிரிட்டனில் 1979-இலிருந்தும், வட அமெரிக்காவில் தொடங்கிப் பின்னர் உலகமெங்கும் பரவிய கணக்கெடுப்பில் 1998-இலிருந்தும், சாதாரண ஜனங்கள் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எண்ணிய பறவைகள் இன்று ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. எந்தப் பறவை குறைகிறது என்பது அப்படித்தான் தெரியவருகிறது. பிரிட்டனில் 1979-இல் முதல் பத்துக்குள் இருந்த பாட்டுக் கரும்பழுப்புப் பறவை ஒன்று, சாங் த்ரஷ் என்பார்கள், இன்று பட்டியலில் வெகு தூரம் கீழே இறங்கிவிட்டது. எண்ணி வைத்தவர்கள் இல்லையென்றால் அது போனதே தெரிந்திருக்காது.

நேரமாகிறது. அந்தக் கூட்டுப்புழுவுக்கு வருகிறேன்.

கூடு கறுத்தால் இரண்டில் ஒன்று. உள்ளே குளவி தின்று முடித்திருக்கலாம், அல்லது இறகு முற்றி, அதன் நிறம் மெல்லிய ஓட்டின் வழியாக வெளியே தெரியலாம். காலையில் ஒரு கைவிளக்கை வைத்துப் பார்த்தேன். கறுப்பு ஒரே சீராக இல்லை. ஓரத்தில் வெளிறிய பொட்டுகள் மங்கலாகத் தெரிந்தன. துளை எதுவும் இல்லை. அப்படியானால் இறகுதான். நாளைக் காலையில் ஓடு பிளந்து, ஈரமாக, சுருங்கிய இறகோடு வெளியே வரும். உறிஞ்சுகுழல் இரண்டு பாதியாக இருக்கும். அதைச் சுருட்டி நீட்டி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். உடம்பிலிருந்து நீரை ஏற்றி இறகை விரிக்கும். காய்ந்து பறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அது ஆணா, ஆணைப் போன்ற பெண்ணா, ரோஜா அழகியின் சட்டையைப் போட்டவளா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. வெளிச்சம் வருவதற்கு முன்பே நான் அந்தச் செடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் இன்றைக்கு இத்துடன் கிளம்புகிறேன். கேள்வி இருப்பவர்கள் வாசல் வரை என்னோடு நடந்து வாருங்கள், பேசிக்கொண்டே போகலாம். வணக்கம்.